அப்பா விழுங்கும் மாத்திரையும் ஆர்விட் கார்ல்சன் என்ற ஸ்வீடன்காரரும்

தென்றல்_மதுரை (இழையைத் தொடங்கியவர்), சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. நாளுக்கு நான்கு வேளை லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை. அது வேலை செய்யும் நேரத்தில் தெருமுனைக் கடை வரை தானாகவே போய்ப் பால் வாங்கிவருவார். வேலை செய்யாத நேரத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. முதல் இரண்டு வருடம் எனக்கு இது பிடிபடவே இல்லை. காலையில் கடைக்குப் போனவருக்கு மதியம் சாப்பாட்டு மேசைக்கு வர ஏன் முடியவில்லை, நான் கூப்பிட்டால் மட்டும் ஏன் இப்படி என்று கோபம் வரும். கத்தியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

போன மாதம் ஆர்விட் கார்ல்சன் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானியைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அவருடைய 1957-ஆம் வருடச் சோதனை ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. முயல்களுக்கு ரெசர்பைன் என்ற மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். முயல்கள் அப்படியே முடங்கிவிட்டன. காது தொங்கிப்போய், தொட்டாலும் நகராமல் கிடந்தன. அப்புறம் டோபா என்ற பொருளை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் நடமாட ஆரம்பித்தன. அந்த டோபாதான் அப்பா விழுங்கும் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா.

இதைப் படித்தபோது கட்டில் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருக்கும் கோலம்தான் கண்ணில் வந்தது. பிடிவாதம் இல்லை, சோம்பல் இல்லை, மூளைக்குள் ஒரு பொருள் தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். எந்த மருத்துவரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மூளை ஏற்பிகள் என்று படிக்கிறேன், பாதி புரிகிறது, பாதி புரியவில்லை.

மருந்தியல்_வாத்தியார், சனி இரவு 11.15

தென்றல் அம்மா, நீங்கள் கத்தியதை நினைத்து இனி வருந்தாதீர்கள். முப்பது வருடம் மருந்தியல் பாடம் எடுத்தவன் நான். என் மாமியாருக்கு இந்த நோய் வந்தபோது எனக்கும் அந்தக் கோபம் வந்தது. பாடம் நடத்துவது வேறு, வீட்டில் பார்ப்பது வேறு.

கார்ல்சன் 1923-இல் உப்சாலாவில் பிறந்தவர். வளர்ந்ததும் படித்ததும் லுண்ட் நகரில். அப்பா வரலாற்றுப் பேராசிரியர். மருத்துவ மாணவராக இருந்தபோது, போர் முடியும் சமயத்தில், நாஜி முகாம்களிலிருந்து மீட்டு ஸ்வீடனுக்குக் கொண்டுவரப்பட்டவர்களைப் பரிசோதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த முகங்கள் தன் மனதை விட்டுப் போகவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அவர் தொடங்கியது மூளையில் இல்லை. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது கால்சியம், அதாவது எலும்புச் சமாசாரம். பல்கலைக்கழகத்தில் ஒரு பதவிக்கு விண்ணப்பித்தபோது, கால்சியம் ஆராய்ச்சி மருந்தியலின் மையத்தில் வராது என்று தேர்வுக் குழு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதனால்தான் துறையை மாற்றிக்கொண்டு 1955-இல் அமெரிக்காவில் பெதஸ்டாவுக்கு, பெர்னார்ட் பிராடியின் ஆய்வகத்துக்குப் போனார். சில மாதங்கள்தான் அங்கே இருந்தார். ஆனால் அந்தச் சில மாதங்கள் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அங்கே அப்போது எல்லாரும் மூளையில் இருக்கும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் பின்னால் இருந்தார்கள். ரெசர்பைன் கொடுத்தால் மூளையில் செரோட்டோனின் வற்றிவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். கார்ல்சனுக்கு வேறொரு கேள்வி: அதைப் போலவே இருக்கும் மற்ற பொருள்கள், நோரட்ரினலின் போன்றவை, அவையும் வற்றுகின்றனவா? பிராடிக்கு அதில் ஆர்வம் இல்லை. ஊர் திரும்பிய கார்ல்சன், நில்ஸ்-ஓகே ஹில்லார்ப் என்பவரோடு சேர்ந்து அதைப் பார்த்தார். அவையும் வற்றியிருந்தன.

இனிதான் முயல் வருகிறது. டோபா என்பது உடலுக்குள் முதலில் டோபமைனாகி, பிறகு நோரட்ரினலினாக மாறும். முயல் எழுந்ததும், சரி, நோரட்ரினலின் திரும்பிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தால் நோரட்ரினலின் திரும்பவே இல்லை! காது நிமிர்ந்த முயலின் மூளையில் அது காலிதான். அப்படியானால் எழுப்பியது எது? இடையில் இருக்கும் டோபமைன். அதுவரை டோபமைனை ஒரு வழிச்சத்திரம் போலத்தான் வைத்திருந்தார்கள், நோரட்ரினலினுக்குப் போகும் பாதையில் ஒரு படி, அவ்வளவே. அதை மூளையில் அளக்கச் சரியான முறையும் இல்லை. கார்ல்சனும் மாணவர்களும் ஒளிர்வை வைத்து அளக்கும் ஒரு முறையை உருவாக்கி, 1958-இல் டோபமைன் மூளையில் இயல்பாகவே இருக்கிறது, ரெசர்பைன் கொடுத்தால் மறைகிறது, டோபா கொடுத்தால் திரும்புகிறது என்று காட்டினார்கள். இங்கிலாந்தில் கேத்லீன் மான்டேகு என்ற பெண் ஆய்வாளர் 1957-லேயே மூளையில் டோபமைன் இருப்பதைப் பதிவு செய்துவிட்டார், அதையும் சொல்லியாக வேண்டும்.

1959-இல் கார்ல்சனின் மாணவர்கள் பெர்ட்லரும் ரோசன்கிரெனும் இது மூளை முழுக்கப் பரவியில்லை, ஸ்ட்ரயேட்டம் என்ற ஆழமான பகுதியில்தான் குவிந்திருக்கிறது என்று கண்டார்கள். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி அது. ரெசர்பைன் சாப்பிட்ட நோயாளிகளுக்குப் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் வருவது முன்பே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார் கார்ல்சன்.

குமரன்_கோவை, ஞாயிறு காலை 7.05

நல்ல இழை. ஆனால் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் நரம்பியல் ஆராய்ச்சி மாணவன்.

கார்ல்சன் செய்ததெல்லாம் முயலிலும் எலியிலும். மனிதனிடம் பார்த்தவர் வியன்னாவில் இருந்த ஓலே ஹார்னிகீவிச். இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையை எடுத்து, ஸ்ட்ரயேட்டத்தில் டோபமைன் இல்லை என்று 1960-இல் எரிங்கரோடு சேர்ந்து காட்டினார். அளப்பதற்கு முன்பே, அயோடின் கலந்த கரைசலில் நிறம் மாறாததை வெறும் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஆரோக்கியமான மூளையின் சாறு இளஞ்சிவப்பாக மாற, நோயாளியின் மூளைச் சாறு நிறமேறாமல் நின்றது. அதோடு விடவில்லை. பிர்க்மேயர் என்ற மருத்துவரிடம் டோபாவைக் கொடுத்து, 1961 ஜூலையில் நோயாளிகளுக்கு ஊசி போடச் செய்தார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்தார்கள், நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள். தென்றல் அக்கா, உங்கள் அப்பாவின் மாத்திரைக்கு நேரடியான தகப்பன் அவர்தான் என்பேன்.

2000-இல் நோபல் பரிசு கார்ல்சனுக்கும் பால் கிரீன்கார்டுக்கும் எரிக் காண்டலுக்கும் போனது. ஹார்னிகீவிச் பெயர் இல்லை. உலகம் முழுக்க 250-க்கும் மேற்பட்ட நரம்பியலாளர்கள் கையெழுத்திட்டு நோபல் குழுவுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. 2020-இல் அவர் இறந்தபோது எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது?

மருந்தியல்_வாத்தியார், ஞாயிறு காலை 8.30

தம்பி, உன் வருத்தம் நியாயம்தான். ஹார்னிகீவிச்சுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். 1979-இல் உல்ஃப் பரிசு கொடுத்தவர்கள் கார்ல்சனையும் அவரையும் சேர்த்தே மேடையேற்றினார்கள், அது சரியான முடிவு.

ஆனால் "முயலிலும் எலியிலும்தான்" என்று எழுதியிருக்கிறாயே, அதில் எனக்கு உடன்பாடில்லை. 1960 மார்ச்சில் லண்டனில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஹென்றி டேல் உட்பட அந்தத் துறையின் பெரியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கார்ல்சனும் ஹில்லார்ப்பும் போனார்கள். டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்பதை அங்கே கிட்டத்தட்ட யாருமே ஏற்கவில்லை. டோபா ஒரு விஷம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. மூளையில் செய்தி போவது மின்சாரத்தால்தான், வேதிப்பொருளால் இல்லை என்று நம்பியவர்கள் அப்போது நிறைய. 37 வயதுக்காரர், சின்ன நாட்டிலிருந்து வந்தவர், அந்தச் சபையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுவிட்டு ஊருக்குப் போய் மறுபடி வேலையைத் தொடர்ந்திருக்கிறார். வியன்னாவில் மூளையைத் திறந்து எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்று ஹார்னிகீவிச்சுக்குத் தெரிந்ததே அந்த முயலால்தான். அதை அவரே மறுத்ததில்லை.

மாத்திரையாக நிலைபெற்றதற்கு இன்னொருவரும் காரணம். ஊசியாகக் கொடுத்தபோது பலன் சில மணி நேரம்தான், வாந்தியும் வரும். ஜார்ஜ் காட்சியாஸ் என்பவர் நியூயார்க் அருகே புரூக்ஹேவனில், சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டி, வாய்வழியாகவே கொடுத்துப் பார்த்தார். 1967-இல் அதை வெளியிட்டார். சில நோயாளிகளுக்கு நாளுக்கு 16 கிராம் வரை போயிருக்கிறார்! பொறுமையாகக் கூட்டினால் உடல் தாங்கும் என்று காட்டியது பெரிய காரியம்.

மூலிகை_செல்வி, ஞாயிறு மதியம் 2.20

நான் சித்த மருத்துவம் படிக்கிறேன். நம் பக்கத்துச் சங்கதி இரண்டு இதில் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

ரெசர்பைன் வந்தது சர்ப்பகந்தா வேரிலிருந்து. மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் காலங்காலமாக இந்த நாட்டில் கொடுத்துவந்த வேர் அது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். 1952-இல் ஸ்விட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். மூன்றே வருடத்தில் அது கார்ல்சன் கைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது, பூனைக்காலி. காட்டோரமாகப் போனவர்களுக்குத் தெரியும், காய் மேல் இருக்கும் சுணை பட்டால் உயிர் போகிற அரிப்பு. அதன் விதைக்குள் லெவோடோபா இருக்கிறது. அதை விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் எழுதியவர்கள் சென்னையில் வேலை செய்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். முயல் சோதனைக்கு இருபது வருடம் முன்பு! அந்தப் பொருளால் மூளைக்கு என்ன ஆகும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு பெயரையும் எங்கள் வகுப்பில்கூட யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தென்றல்_மதுரை, ஞாயிறு மாலை 5.50

செல்வி, சிலிர்த்துப்போனேன். பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடு என்று எங்கள் பெரியம்மா ரொம்ப நாளாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

வாத்தியார் ஐயா, இன்னொன்று. முதல் மூன்று வருடம் ஒரு மாத்திரை ஆறு மணி நேரம் தாங்கியது. இப்போது மூன்று மணி நேரம்கூட இல்லை. மருந்து பழகிப்போய்விட்டது என்கிறார்கள். அது உண்மையா?

மூலிகை_செல்வி, ஞாயிறு மாலை 6.10

அக்கா, நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மாத்திரையில் இருப்பதும் பொடியில் இருப்பதும் ஒரே பொருள். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கும். கடைப் பொடியில் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் அளவு எகிறி, கை கால் தானாக ஆடுவது, மனக்குழப்பம், இரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டவே வேண்டாம். சித்த மருத்துவம் படிக்கிறவள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மருந்தியல்_வாத்தியார், ஞாயிறு இரவு 9.00

செல்வி சொன்னது சரி. தென்றல் அம்மா, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏற்பி என்றால் என்ன என்பதும் இதற்குள் வந்துவிடும்.

ஒரு நரம்பணு டோபமைனைத் தயாரித்துச் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பி வைத்திருக்கும். வேண்டும்போது பையைத் திறந்து வெளியே விடும். எதிரே இருக்கும் அணுவின் மேல்தோலில் அதற்கென்றே வடிவம் கொண்ட புரதங்கள் இருக்கின்றன. டோபமைன் அதில் பொருந்தினால்தான் அந்த அணுவுக்குள் அடுத்த வேலை தொடங்கும். அந்தப் புரதம்தான் ஏற்பி. டோபமைனுக்கு மட்டும் ஐந்து வகை ஏற்பிகள் உண்டு. பொருந்திய பிறகு அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டதற்குத்தான் கிரீன்கார்டுக்குப் பரிசு.

ரெசர்பைன் செய்தது என்ன? பைகளில் நிரப்பவிடாமல் தடுத்தது. அணு உயிரோடு இருக்கிறது, ஏற்பி இருக்கிறது, நடுவில் பொருள் இல்லை. அதனால்தான் டோபா போனதும் முயல் எழுந்தது. டோபமைனையே நேராக ஊசி போட்டிருந்தால் எழுந்திருக்காது, ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழைய முடியாது. டோபா நுழைந்துவிடும், உள்ளே போய் டோபமைனாகும். வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும் மாறிவிடாமல் தடுக்கத்தான் கூடவே கார்பிடோபா.

அப்பாவுக்கு நிலைமை வேறு. அங்கே தயாரிக்கும் அணுக்களே அழிகின்றன. நோய் வெளியே தெரியும்போதே ஸ்ட்ரயேட்டத்தில் டோபமைனில் பெரும்பகுதி போயிருக்கும். ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் அணுக்கள் மாத்திரையில் வந்ததை வாங்கிப் பையில் சேமித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தன. ரத்தத்தில் லெவோடோபா ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், ஆனாலும் ஆறு மணி நேரம் தாங்கியது அந்தச் சேமிப்பால்தான். இப்போது சேமிக்கும் அணுக்கள் குறைந்துவிட்டன. ரத்தத்தில் ஏறினால் நடக்கிறார், இறங்கினால் நின்றுபோகிறார். ஆக, மருந்து பழகிப்போய்விடவில்லை. ஏற்பிகள் இன்னமும் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

வேளையைக் கூட்டுவது, ஏற்பியிலேயே நேரடியாகப் பொருந்தும் வேறு மாத்திரைகளைச் சேர்ப்பது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. போய் இதையே சொல்லிக் கேளுங்கள், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நின்றுபோகிறார் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டையும் குறியுங்கள். லெவோடோபாவும் பருப்பு, முட்டை, கறியிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. இரண்டும் சேர்ந்து வந்தால் மாத்திரை வாசலில் காத்திருக்க வேண்டிவரும்.

கயல்விழி78, திங்கள் காலை 6.45

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். இருபது வருடமாக மருந்து. பழைய மருந்து ஒன்றால் குரல்கள் கேட்பது நின்றது, ஆனால் கை நடுங்கும், முகத்தில் சிரிப்பே வராது, நடை குறுகிப்போனது. வந்தவர்கள் எல்லாம் "பார்க்கின்சன் வந்த மாதிரி இருக்கிறாரே" என்பார்கள். மருந்தை நிறுத்திவிடலாம் என்று ஒருமுறை நாங்களே நிறுத்திவிட்டோம். அடுத்த மாதமே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. தென்றல் எழுதியதைப் படித்தபோது, இரண்டு நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தோன்றுகிறது. இருக்கிறதா?

குமரன்_கோவை, திங்கள் காலை 10.30

இருக்கிறது அக்கா. அதைக் கண்டவரும் கார்ல்சன்தான். நேற்று நான் அவரைக் குறைத்து எழுதிவிட்டேன், இந்தப் பகுதிக்காக என்னுடைய மரியாதையைப் பதிவு செய்கிறேன்.

1950-களில் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் என்ற மருந்துகள் வந்துவிட்டன. மனச்சிதைவுக்கு வேலை செய்தன, எப்படி என்று யாருக்கும் தெரியாது. ரெசர்பைன் மாதிரியே அவையும் ஆளை மந்தமாக்கின, நடுக்கம் கொடுத்தன. சரி, இவையும் டோபமைனை வற்றவைக்கின்றன என்றுதானே தோன்றும்? அளந்தால் வற்றவில்லை. 1963-இல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட் என்ற உடனுழைப்பாளரும் எலி மூளையில் டோபமைனும் நோரட்ரினலினும் சிதைந்து வரும் கழிவுப் பொருள்களை அளந்தார்கள். அவை கூடியிருந்தன! பொருள் வற்றவில்லை, கழிவு மட்டும் கூடுகிறது. அப்படியென்றால் இந்த மருந்துகள் ஏற்பியைப் போய் அடைத்துக்கொள்கின்றன, செய்தி போய்ச் சேரவில்லை என்று அனுப்பும் அணு இன்னும் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று முடிவு சொன்னார்கள்.

ஏற்பியை யாரும் அப்போது பார்த்ததுகூட இல்லை. கழிவின் கணக்கை வைத்தே, கண்ணுக்குத் தெரியாத ஒன்று அடைபட்டிருக்கிறது என்று சொன்ன அந்தத் துணிவை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1975-இல், கனடாவில் ஃபிலிப் சீமன் கதிரியக்கம் ஏற்றிய ஹாலோபெரிடாலை வைத்து அது ஒட்டும் இடத்தையே காட்டினார். இன்று அதை டி2 ஏற்பி என்கிறோம். எந்த மருந்து அதில் இறுக ஒட்டுகிறதோ, அந்த மருந்து குறைந்த அளவிலேயே நோயைக் கட்டுப்படுத்துகிறது.

தென்றல் அக்காவின் அப்பாவுக்குப் பொருள் இல்லை. உங்கள் அண்ணனுக்குப் பொருள் இருக்கிறது, குரல்களை நிறுத்துவதற்காக ஏற்பி அடைக்கப்பட்டிருக்கிறது, அசைவுப் பகுதியிலும் அதே ஏற்பி இருப்பதால் அங்கேயும் அடைபட்டு நடுக்கம் வருகிறது. புதிய மருந்துகளில் சில, முழுக்க அடைக்காமல் பாதி அடைத்துப் பாதி திறந்த மாதிரி வேலை செய்கின்றன. டோபமைனை அனுப்பும் அணுவின் மேலேயே ஒரு ஏற்பி இருந்து, போதும், நிறுத்து என்று அதற்கே சொல்கிறது என்று கார்ல்சன் எழுபதுகளில் கண்டார். அந்த யோசனையிலிருந்து வளர்ந்த வழி இது. மருந்தை நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள் அக்கா.

சிவா_ஸ்வீடன், திங்கள் மாலை 4.15

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது வருசமாகக் கோத்தன்பர்க்கில் இருக்கிறேன். கார்ல்சன் 1959-இல் இங்கே பேராசிரியராக வந்தவர், கடைசிவரை இந்த ஊர்தான்.

ஒரு மருந்துக் கதையை நீங்கள் விட்டுவிட்டீர்கள். மூளையில் செரோட்டோனின் மட்டும் கூடுகிற மாதிரி ஒரு மருந்தை அவரும் ஆட்களும் அஸ்ட்ரா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள், சிமெலிடின் என்று பெயர். மனச்சோர்வுக்கு இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் மாத்திரை வகைக்கு முன்னோடி அதுதான். 1982-இல் விற்பனைக்கு வந்து, சிலருக்குக் கை கால் செயலிழக்கும் கியான்-பாரே நோய் வந்ததால் அடுத்த வருசமே திரும்பப் பெறப்பட்டது. அந்த வழி மட்டும் சரியாக இருந்தது, மற்ற நிறுவனங்கள் அதிலேயே போய் வென்றன.

இங்கே வயதானவர்களுக்கு அவரை வேறொரு காரணத்துக்காகத்தான் தெரியும். குடிநீரில் ஃபுளோரைடு கலக்கக் கூடாது என்று முன்னின்று வாதிட்டவர். 1971-இல் நாடாளுமன்றம் அப்படிக் கலக்க அனுமதித்த சட்டத்தை நீக்கியது. தண்ணீர் குடிக்கிற அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், எல்லாருக்கும் ஒரே மருந்தை அளவு தெரியாமல் ஊட்டக் கூடாது என்பது அவருடைய வாதம். பல் மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்பதில்லை. எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் மருந்தின் அளவைப் பற்றி அந்த மனுசனுக்கு இருந்த கவனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற வயதில்தான் எனக்குப் பிடித்த வேலை ஒன்றைச் செய்தார். மகள் மரியாவும் அவரும் எலிகளுக்கு டோபமைன் முழுவதையும் வற்றவைத்துவிட்டு, குளுட்டமேட் என்ற இன்னொரு பொருளின் ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். டோபமைனே இல்லாத எலி நடந்தது. 1989-இல் அதை எழுதினார்கள். முப்பது வருசமாக டோபமைன் டோபமைன் என்று சொல்லிக்கொண்டு வந்தவரே, அது இல்லாமலும் அசைவு வரும் என்று காட்டியிருக்கிறார். பிறகு ஒரு சிறிய நிறுவனத்தையும் தொடங்கி மருந்து தேடினார். 2018 ஜூனில் 95 வயதில் இறந்தார்.

குமரன்_கோவை, திங்கள் இரவு 8.00

சிவா அண்ணா, அந்த 1989 ஆய்வு என் படிப்புக்கே தேவை, நன்றி. ஹார்னிகீவிச் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பரிசை மூவருக்குத்தான் தர முடியும் என்பது விதி, பார்க்கின்சனுக்கு என்று தனியாகத் தந்திருந்தால் இருவரும் ஒன்றாக நின்றிருக்கலாம்.

தென்றல்_மதுரை, ஒன்பது நாள் கழித்து

வாத்தியார் ஐயா சொன்னபடி ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். அப்பா மதியம் நின்றுபோனதெல்லாம் பெரும்பாலும் பருப்புச் சாதமும் முட்டையும் சாப்பிட்ட நாள்களில். மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தேன், வயிற்றுக்கு நல்லது என்று நினைத்து. மருத்துவர் நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். இனி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை, ஐந்து வேளையாகப் பிரித்து, முட்டை இரவில் மட்டும்.

இன்னொன்றும் கேட்டுவைத்துக்கொண்டேன். போன வருடம் அப்பா காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது, வார்டு வழக்கப்படி எட்டு மணிக்கும் இரண்டு மணிக்கும்தான் மாத்திரை தந்தார்கள். மூன்றாம் நாள் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் போனார். காய்ச்சலால் என்றுதான் நினைத்தோம். இனி எங்கே சேர்த்தாலும் அவருடைய மாத்திரை அவருடைய நேரத்துக்குத்தான் என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

முயல் கதையை அப்பாவிடம் சொன்னேன். மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துத்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த முயலுக்கு உள்ளே எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கும்மா, எந்திரிக்கத்தான் முடிஞ்சிருக்காது" என்றார்.

கயல்விழி78, அதே இரவு

தென்றல், உங்கள் அப்பா சொன்னதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படி என்றார். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம், மருந்தை மாற்றிப் பார்ப்பது பற்றிக் கேட்கப்போகிறேன்.